மூன்றாவது தட்டு

அந்த மாடிப்படியில் ஏறுகிற உள்ளூர்க்காரர்கள் யாராக இருந்தாலும் ஆறாவது படியைத் தாண்டித்தான் கால் வைப்பார்கள். அது உளுத்துப்போய் நாலு வருஷமாகிறது. 1896-ல் போட்ட படி, மாற்றக் கூடாது என்று பழமைக் காப்புக் கமிட்டி எழுத்தில் கொடுத்திருக்கிறது. அதனால் தாமிரச் சுரங்க ஊரான ரெட்லோடில் எல்லோரும் தாண்டப் பழகிக்கொண்டார்கள்.

ஆறாவது படி கிரீச்சென்றது.

"வெளியூர்க்காரி," என்றாள் கைசா நியெமி, தலையைத் தூக்காமல்.

"கமிட்டிக்காரியும்கூட," என்றான் ஸ்டீவோ ஜன்னலிலிருந்து. "அவங்க போட்ட சட்டத்தை அவங்களே மிதிக்கட்டும், பாஸ்."

வந்தவள் மெரிடித் ஆஷ்பி. பாஸ்டன் பக்கத்துப் பேராசிரியர் வீட்டுப் பெண். போன வசந்தத்தில் ரெட்லோடின் பழைய கடைத்தெருவுக்கும் தொழிலாளர் சங்க மண்டபத்துக்கும் காப்பாளராக வந்தவள். அந்த வேலைக்குக் கடைசிவரை நின்றது இரண்டே பேர். இரண்டாவது பெயர் கைசா.

கைசா, மூன்று தலைமுறை சுரங்கக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்தது வரலாறு. வரலாறு படித்தவளுக்கு இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு வேலைதான். அது கை நழுவியதும் இந்த மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். செத்தவர்களைத் தோண்டுவதற்குப் பதில் உயிரோடு இருப்பவர்களைத் தோண்டுவது, அவ்வளவுதான் வித்தியாசம். மதுக்கடை மூடிப்போன ஸ்டீவோ புலடோவிச் தன்னுடைய பழைய ஸ்டூலோடு வந்து சேர்ந்துகொண்டான். வயது ஐம்பது, வாய்க்கு மட்டும் பதினெட்டு.

மெரிடித் உட்காரவில்லை. விஷயத்தை நேராகச் சொன்னாள். சங்க மண்டபத்தில் தொங்கிய பட்டுக்கொடி காணவில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் சுரங்கத் தொழிலாளர்கள் தைத்த கொடி. வெள்ளிக்கிழமை மாலை பூட்டும்போது இருந்தது, சனிக்கிழமை காலை திறந்தபோது கம்பு மட்டும் இருந்தது. கதவு உடைபடவில்லை. பூட்டை மாற்றியதிலிருந்து சாவி அவள் ஒருத்தியிடம்தான். கொடியைச் சீர்செய்யத் தலைநகருக்கு அனுப்பலாம் என்று போன மாதம் அவள் கேட்டு, ஊரே சேர்ந்து மறுத்திருந்தது. இன்று நாலு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. வேலையிலிருந்து நீக்கி, ஷெரீஃபிடம் ஒப்படைப்பதாகத் தலைவர் ஹார்லன் பெங்கெல்லி முடிவே செய்துவிட்டார்.

"என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றாள் கைசா. "உங்களை நீக்கினா அந்த வேலை யாருக்கு வரும்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வந்தேன். நான் திருடலைன்னு வேற யார் சொன்னாலும் இந்த ஊர் நம்பாது. நீங்க சொன்னா நம்பும்."

ஸ்டீவோ மெல்ல விசிலடித்தான். கைசாவுக்கு எரிந்தது. இந்தப் பேச்சு தனக்குத் தோன்றியிருக்க வேண்டும். புத்தியிலும் முந்திக்கொள்கிறாள்.

எரிச்சலுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவள் ஸ்டீவோவிடம்கூடச் சொன்னதில்லை. கோடை முழுவதும் அவளுடைய அம்மா ஐலி, வாரம் ஒருநாள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு மெரிடித்திடம் போய் வந்தாள். மெரிடித் பதிவுக்கருவியை வைத்துக்கொண்டு கேட்பாளாம், அம்மா பழைய கதை சொல்வாளாம். வீட்டில் உப்பு வேண்டுமா என்பதற்குமேல் வாய் திறக்காத அம்மா.

"பதினோரு மணியாச்சு," என்றாள் கைசா. "கிளம்பலாம்."

கீழே இறங்கும்போது ஸ்டீவோ காதோரம் கேட்டான், இன்றைக்கு முகம் ஏன் இப்படிச் சுட்ட செங்கல் மாதிரி இருக்கிறது என்று. சனிக்கிழமை சவுனா இல்லை, உடம்பு பிசுபிசுக்கிறது என்றாள். நீராவிக் குளியல் இல்லாத சனிக்கிழமையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. புகைக்குழாயில் பறவை கூடு கட்டிவிட்டது, அடுப்பு மூட்ட முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"ஃபின்லாந்துக்காரங்க வீட்டுல சவுனா இல்லைன்னா எங்க செர்பியாக்காரன் கல்யாணத்துல சாராயம் இல்லாத மாதிரி," என்றான் ஸ்டீவோ. "யாரோ செத்திருக்கணும்."

ஸ்மெல்டர் தெருவில் அக்டோபர் காற்று அடித்தது. இரண்டு பக்கமும் செங்கல் கட்டடங்கள், எல்லாம் கமிட்டி அனுமதித்த சிவப்பிலும் பச்சையிலும். ஆணி அடிக்க அனுமதி, பெயர்ப்பலகைக்கு அனுமதி. தாமிரம் வெட்டி நுரையீரல் போனவர்களுக்கு எந்தக் கமிட்டியும் வரவில்லை. அவர்கள் குடித்த கடையின் கதவுப்பிடிக்குக் கமிட்டி இருக்கிறது.

"என் மூக்கும் 1970-ல கட்டினது," என்று ஸ்டீவோ மெரிடித்திடம் சொல்லிக்கொண்டு வந்தான். "ஒரு செங்கல் மாத்தலை. பட்டியல்ல சேர்ப்பீங்களா?"

மண்டபத்தில் கொடிக்கம்பு சுவரில் வெறுமனே தொங்கியது. கைசா கயிறுகளைப் பார்த்தாள். எதுவும் அறுபடவில்லை. எட்டு முடிச்சையும் பொறுமையாக அவிழ்த்து, கயிறுகளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தான் திருடன்.

"அவசரமில்லாத திருடன்," என்றான் ஸ்டீவோ. "தரையையும் பெருக்கிட்டுப் போயிருப்பான்."

பெருக்கவில்லை. பின்னறையில் நிலக்கரி இறக்குவதற்கான தரைப்பலகை ஒன்று உண்டு. அதன் விளிம்பைச் சுற்றி மட்டும் தூசி இல்லை. கைசா அதைத் தூக்கினாள். மெரிடித் விழித்தாள். கீழே இருப்பது அறை மட்டும்தான், அதிலிருந்து நடைபாதைக்கு அடியில் போகும் நிலவறையை ஐம்பது வருஷத்துக்கு முன்பே மண் போட்டு மூடிவிட்டார்கள், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றாள்.

"வரைபடத்துல இருக்கு," என்றாள் கைசா. அன்று காலையில் முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரெட்லோடில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்த நிலவறையில் ஒளிந்து விளையாடியிருக்கிறது. நாலு கடை நீளம். அந்தக் கோடியில் சந்துக்குள் திறக்கும் இரும்பு மூடி. சாவியே தேவையில்லை. மெரிடித்தை மேலே நிற்கச் சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள். நடைபாதையில் பதித்த கண்ணாடி வில்லைகள் நூறு வருஷ வெயிலில் ஊதா நிறமாகிவிட்டன. அவற்றின் வழியாக ஊதா வெளிச்சம் இறங்கியது. மேலே யாரோ நடக்க, செருப்பு நிழல்கள் தலைக்கு மேல் போயின.

ஸ்டீவோ உள்ளே காலை வைத்தான். கைசா அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கூரையைத் தட்டாம எங்கேயா போற?"

"இது சுரங்கம் இல்ல, பாஸ். மேல செருப்புக் கடை."

"விழுற செங்கல்லுக்கு அது தெரியாது."

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து வளைவுக் கூரையைத் தட்டினாள். இடது, வலது, நடுவில். கணீரென்றது. இரண்டு அடி வைத்தாள், மறுபடி தட்டினாள். யோசித்துச் செய்வதில்லை இதை. செருப்பு போடுகிற மாதிரி. திடமான கூரை மணி போலப் பேசும், விழப்போகிற கூரை பறை போலப் பேசும். சுரங்கத்துக்காரர் வீட்டில் நடை பழகும்போதே கை பழகிவிடும். ஸ்டீவோவின் வம்சம் நாலு தலைமுறையாகச் சாராயம் ஊற்றிய வம்சம், அவர்களுக்குக் கூரை என்றால் மழைக்கு.

மூன்றாவது முறை ஓங்கிய கை அப்படியே நின்றது.

கூரை முழுக்கக் கரிப்புகை படிந்து கறுத்திருந்தது. அவள் தட்டிய இடங்களில் கரி பெயர்ந்து செங்கல் சிவப்பாகப் புள்ளி வைத்தது. அவள் இன்னும் தட்டாத இடத்திலும் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. புத்தம் புதியவை. இரண்டடிக்கு ஒருமுறை, சந்துப் பக்கத்திலிருந்து மண்டபத்தை நோக்கி.

ஸ்டீவோ கண்ணைச் சுருக்கினான். "நமக்கு முன்னாடி ஒரு மரங்கொத்தி வந்திருக்கு."

"சுரங்கத்துல வேலை பார்த்த மரங்கொத்தி," என்றாள் கைசா. "கொடியைத் திருட வந்தப்பவும் கூரையைத் தட்டாம அடி வைக்க முடியலை."

அப்படியென்றால் மெரிடித் இல்லை. அவளுக்குக் கூரை தட்டத் தெரியாது, இந்த வழி இருப்பதே தெரியாது. தடயம் கிடைத்த துப்பறிவாளருக்கு நெஞ்சு நிறைய வேண்டும். கைசாவுக்கு நெஞ்சில் ஏதோ பொத்தென்று விழுந்தது. மெரிடித்தான் திருடியிருக்க வேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

"பெங்கெல்லி," என்றான் ஸ்டீவோ. "பதினோரு வருஷம் சுரங்கத்துல இருந்த ஆளு. இந்தப் பொண்ணு வந்ததிலேர்ந்து ஊர்ல அவர் பேச்சு எடுபடலை. கைது பண்ணுன்னு குதிக்கிறதும் அவர்தான். பொறாமை பிடிச்ச மனுசன் எதையும் பண்ணுவான்."

பொறாமை என்ற சொல்லை அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். அதுவே குத்தியது.

பெங்கெல்லியை நிலவறைக்கு எப்படி வரவழைப்பது என்பதற்கு ஸ்டீவோவிடம் வழி இருந்தது. அவர் மதியம் இறைச்சிப் பணியாரம் சாப்பிடும் கடைக்குப் போய், நடைபாதை ஊதாக் கண்ணாடியில் இரண்டை யாரோ பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் பதித்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். எழுபத்திரண்டு வயதுக்காரர் பாதிப் பணியாரத்தைத் தட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஏணியில் இறங்கினார். பிளாஸ்டிக் எங்கே என்று கேட்டுக்கொண்டே நேராக நிலவறைக்குள் நடந்தார். கடப்பாரை கைக்கு எட்டுகிற இடத்திலேயே சாத்தியிருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரையையும் பார்க்கவில்லை.

கைசா கேட்டாள், சுரங்கத்தில் இருந்தவர் ஏன் தட்டாமல் போகிறீர்கள் என்று.

"நான் எதுக்குத் தட்டணும்?" என்றார் பெங்கெல்லி. "நான் ஷிஃப்ட் மேஸ்திரி. நான் வர்றதுக்கு முன்னாடி ஆளுங்க தட்டி வச்சிருப்பாங்க."

ஸ்டீவோவின் துப்பு அங்கேயே செத்தது. அடுத்தவன் தட்டிய கூரைக்குக் கீழே பதினோரு வருஷம் நடந்தவருக்குக் கை எப்படிப் பழகும்? ஏமாற்றப்பட்டதை உணர்ந்த பெங்கெல்லி கத்தத் தொடங்கினார். கைசா அவரைக் கையமர்த்தி, விளக்கைக் கூரைக்குக் காட்டினாள். அவர் புள்ளிகளைப் பார்த்தார். உதட்டைச் சுழித்தார்.

"யாரோ விளையாடியிருக்கான். சுரங்கத்து ஆளு இல்ல. கம்பெனி விதி ரெண்டு தட்டு. ஒண்ணு கேக்கறதுக்கு, ஒண்ணு நிச்சயப்படுத்திக்கறதுக்கு. எவனும் மூணு தட்ட மாட்டான்."

கைசா தன் புள்ளிகளைப் பார்த்தாள். இடது, வலது, நடு. மூன்று. பக்கத்தில் திருடனுடையதும் இடது, வலது, நடு. உலகமே மூன்று தட்டுகிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

பின்னாலிருந்து மெரிடித்தின் குரல் வந்தது. பெங்கெல்லி ஓடி வந்ததைப் பார்த்து அவளும் இறங்கி வந்திருந்தாள்.

"பெண்கள் கேங். அவங்க மூணு தட்டுவாங்க. முதல்முதலா ஆறு பெண்களைக் கீழ இறக்கினப்போ, கூரை சரியா இருக்குன்னு ஆம்பளைங்க பொய் சொல்லி அனுப்பி வேடிக்கை பார்த்தாங்களாம். அதுக்கப்புறம் அவங்க யார் பேச்சையும் நம்பலை. மூணாவது தட்டு..." சட்டென்று நிறுத்தினாள். கைசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

பெங்கெல்லி கையை உதறினார். அந்தக் கூட்டமெல்லாம் எப்போதோ ஊரைவிட்டுப் போயாயிற்று, ஒருத்தி பெயர்கூட நினைவில்லை, நாலு மணிக்குப் பார்க்கலாம் என்று ஏணி ஏறினார். அவருக்குக் கீழே ஐந்து வருஷம் பாறை அள்ளிய ஐலி நியெமியின் மகள் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரிகளுக்கு முகம் நினைவில் நிற்பதில்லை.

ஏணி ஆடுவது நின்றதும் மெரிடித் சொன்னாள். "நாலு மணிக்கு நான் உங்க அம்மா பேரைச் சொல்ல மாட்டேன். நீங்க என்ன செய்யணுமோ அது உங்க இஷ்டம்."

நல்லவளாக இருப்பதிலும் இவளுக்குத்தான் முதலிடமா? கைசா சட்டைக் கையால் ஒரு புள்ளியை அழுத்தித் தேய்த்தாள். சிவப்பு மங்கிக் கறுப்பாயிற்று. இன்னும் பத்து நிமிஷம் தேய்த்தால் தடயமே இருக்காது. மெரிடித் வாய் திறக்க மாட்டாள். வேலை தானாக மடியில் வந்து விழும்.

"பாஸ்," என்றான் ஸ்டீவோ. அவன் குரலில் கிண்டல் இல்லை. "நான் எதையும் பார்க்கலை. ஆனா நீங்க பார்த்துட்டீங்க."

அவள் கையை எடுத்தாள். மலைமேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஏறும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அக்டோபர் குளிரில் எந்தப் பறவை கூடு கட்டும்?

சவுனா கொல்லையில் தனிக் குடிசை. கதவைத் திறந்தாள். மேல் பலகையில், வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைப் போலக் கிடத்தியிருந்தது. விரிப்பை விலக்கினாள். நீலப்பட்டு, தங்கக் குஞ்சம். ஓரத்தில் எலி கடித்திருந்த இடத்தை யாரோ பொடித் தையலில் பாதிவரை தைத்திருந்தார்கள். ஊசி அப்படியே குத்தியிருந்தது.

"ஆவி பட்டா பட்டு கெட்டுப்போகும்," என்றாள் ஐலி, வாசலில் நின்று. குள்ளமான, அகன்ற தோளுடைய பெண். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்தாள். "அதான் அடுப்பு மூட்டலை."

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"அந்த வேலை உன்னுது. நீ படிச்ச, ராவும் பகலும் படிச்ச. எங்கிருந்தோ வந்தவ தூக்கிட்டுப் போயிட்டா. மூணு மாசம் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்த. நான் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

"அவளைத் திருடியாக்கணும்னு நினைச்சவ, வாராவாரம் எதுக்குப் போய் அவகிட்ட பேசிட்டிருந்த?"

"உன்கிட்ட இல்லாதது அவகிட்ட என்ன இருக்குன்னு பார்க்கப் போனேன்."

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. காது இருக்கு."

"பெண்கள் கேங், மூணு தட்டு, அவனுங்க பொய் சொன்னது, எல்லாம் அவகிட்ட சொன்னியே. நான் இதே வீட்டுல இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவ கேட்டா," என்றாள் ஐலி. "நீ கேட்டியா?"

வரலாற்றில் பட்டம் வாங்கியவள் கேட்டதில்லை. ஐலி அருகே வந்து, விரிப்பை மடித்துக் கொடியை மூடினாள். பிறகு சாதாரணமாக, கடைக்குப் போய் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். இதை எடுத்துப் போ, நிலவறையில் கிடந்தது என்று சொல், கண்டுபிடித்தவள் நீ, காவலில் கோட்டை விட்டவள் அவள், கமிட்டி உனக்கே வேலையைத் தரும், யாருக்கும் கேடில்லை.

நல்ல யோசனை. கைசா அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. அந்த மேஜை, அந்தச் சாவி, கதவில் தன் பெயர். தினம் ஆறாவது படியைத் தாண்டுகிறபோதெல்லாம் அவள் நினைத்துக்கொள்கிற கதவு.

"பொய்யான கூரைக்கடியில உன்னை நடக்க விட்டாங்க," என்றாள். "என்னையும் நடக்கச் சொல்றியா?"

ஐலி வீட்டுக்குள் போய் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

தலைமாட்டை மகளும் கால்மாட்டை அம்மாவுமாகப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். வழியில் ஸ்டீவோ சேர்ந்துகொண்டான். நடுவில் தொய்ந்த இடத்துக்குத் தோள் கொடுத்தான்.

நாலு மணி தாண்டி ஐந்து நிமிஷம். மண்டபத்தில் சுவரோர பெஞ்சில் மெரிடித் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெங்கெல்லி தீர்மானத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை மாட்டியிருந்தார். கைசா மேஜைமேல் விரிப்பைப் பிரித்தாள். நீலம் விரிந்தது. இருபது நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன.

"எங்க கிடைச்சுது?" என்றார் பெங்கெல்லி.

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. இனிக்கிற பதில் முதலில் வந்து உதட்டில் நின்றது.

"எங்க வீட்டுல," என்றாள் கைசா. "எடுத்தது எங்க அம்மா. சந்துப் பக்கம் மூடியைத் திறந்து நிலவறை வழியா வந்தாங்க. மிஸ் ஆஷ்பிக்கு இதுல சம்பந்தமில்லை. அவங்க வேலைக்கு இரண்டாவதா நின்ன நானே சொல்றேன், எழுதிக்குங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பெங்கெல்லி, யார் இந்த அம்மாள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஐலி நிமிர்ந்து நின்றாள்.

"உன் மூணாவது ஷிஃப்ட்டுல அஞ்சு வருஷம் இருந்தவ, ஹார்லன். நீ நடந்த கூரையைத் தட்டினவ."

அவருக்கு அப்போதும் நினைவு வரவில்லை. ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் செய்யப் போனார். சட்டம் சட்டம்தான் என்றார்.

யாரோ ஐலியைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மெரிடித் நகர்ந்து இடம் கொடுத்தாள். தன் கம்பளிச் சால்வையை எடுத்து ஐலியின் தோளில் போட்டாள். அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, ஷெரீஃப் கேட்டால் எனக்குப் புகார் இல்லை என்று சொல்வேன் என்று மெதுவாகச் சொன்னாள். ஐலி தலையாட்டினாள். பழகிய இருவர் பேசிக்கொள்கிற தோரணை. ஒரு கோடை முழுவதும் பழகிய தோரணை.

கைசா மேஜைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். வேலை போயிற்று, அம்மாவையும் காட்டிக்கொடுத்தாயிற்று, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. அதற்குப் பிறகும் அந்த எரிச்சல் அணையவில்லை. அணையட்டும் என்று காத்திருக்கவும் அவளுக்குப் பொறுமையில்லை. கொடியை ஸ்டீவோவிடம் தள்ளிவிட்டுப் பெஞ்சுக்கு நடந்தாள்.

"எந்திரிங்க மிஸ் ஆஷ்பி," என்றாள். "அது என் இடம்."

மெரிடித் நிமிர்ந்து பார்த்தாள். மறுபேச்சில்லாமல் எழுந்தாள்.

கைசா உட்கார்ந்தாள். சால்வையை எடுத்து மடித்து மெரிடித்திடம் நீட்டிவிட்டு, தன் கோட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்தினாள். ஐலி கோட்டின் நுனியை இழுத்து மகளின் முழங்காலையும் மூடினாள். வெளியே ஷெரீஃபின் வண்டி மேட்டில் கியர் மாற்றி ஏறி வருகிற சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.